ஒரே சாலைக்கு மூன்று தராசுகள்

வாகன உரிமக் கட்டணத்தை விதிக்கும் மாகாண அதிகாரிகளுக்கும், எரிபொருள் வரியை விதிக்கும் நடுவண் நிதி அதிகாரிகளுக்கும்,

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வடக்கே, கரும்புத் தோட்டங்களை ஒட்டிய ஒரு சர்க்கரை ஆலையின் எடைமேடையில் 31 ஆண்டுகள் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எடை என்றால் என்ன, அதை எதற்காக அளக்கிறோம், அளந்ததை வைத்து யாரிடம் எவ்வளவு வாங்கலாம் என்பதைத் தவிர எனக்கு வேறு தொழில் தெரியாது. அந்தத் தொழிலை அறிந்தவன் என்ற முறையில், நீங்கள் வாகனங்களுக்கு வைத்திருக்கும் தராசு சரியில்லை என்று சொல்லவே இதை எழுதுகிறேன். இதன் ஆங்கில வடிவத்தை இருமுறை அனுப்பினேன். பெற்றுக்கொண்டோம் என்ற ஒரு வரிகூட வரவில்லை. ஆகவே இம்முறை, மாலைப் பள்ளியில் நான் படித்த தமிழில், கட்டணம் கட்டும் நம்மவர்களும் படித்து அறியும்படி எழுதுகிறேன்.

தொங்காட்டில் எங்கள் வீட்டு முற்றத்தில் இரண்டு கார்கள் நிற்கின்றன. ஒன்று என்னுடையது: இருபது வயதைத் தாண்டிய பெட்ரோல் கார், வெற்றெடை, அதாவது சுமையில்லாத வெறும் வண்டியின் எடை, ஏறத்தாழ 1,100 கிலோ. மற்றது என் மகளுடையது: இரண்டு ஆண்டுகளுக்கு முன் கடன் வாங்கி எடுத்த மின்சாரக் கார், வெற்றெடை ஏறத்தாழ 1,700 கிலோ. அவள் வண்டி என்னுடையதைவிடச் சற்றுப் பெரியது என்பது உண்மை. ஆனால் அந்த 600 கிலோ வேறுபாட்டில் நானூறை ஒட்டிய பங்கு தரைக்கு அடியில் தட்டையாகப் படுத்திருக்கும் மின்கலத்தினுடையது. இரண்டும் அதே சாலையில் அதே வேலைக்குப் போகின்றன, ஆண்டுக்கு ஏறத்தாழ 12,000 கிலோமீட்டர் ஓடுகின்றன, ஒரே குழியில்தான் விழுகின்றன.

சென்ற முறை இரண்டுக்கும் டிஸ்க், அதாவது முன்கண்ணாடியில் ஒட்டும் உரிமச் சீட்டு, புதுப்பிக்கப் போனபோது, மகளின் வண்டிக்கு ஏன் இவ்வளவு கூடுதல் என்று கேட்டோம். முகப்பில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். எடைக்குத்தான் கட்டணம், எடை கூடினால் கட்டணம் கூடும், அதுவுமல்லாமல் கனமான வண்டிதானே சாலையை அதிகம் உடைக்கிறது, பெட்ரோல் வரியும் நீங்கள் கட்டுவதில்லையே என்றார். அவர் சொன்னதில் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியே உண்மை. சேர்த்துப் பார்த்தால் கணக்கு தவறு. அந்தத் தவறு முகப்பில் இருந்தவருடையது அன்று, பட்டியலைத் தயாரித்தவர்களுடையது.

எங்கள் வண்டிகளுக்கு நீங்கள் மூன்று தராசுகள் வைத்திருக்கிறீர்கள். உரிமக் கட்டணத்துக்கு வெற்றெடை. 250 கிலோவுக்கு ஒரு படி என ஏறும் அந்தப் பட்டியலில் என் கார் 1,001 முதல் 1,250 வரையிலான படியிலும், மகளுடையது இரண்டு படிகள் தள்ளி 1,501 முதல் 1,750 வரையிலான படியிலும் நிற்கின்றன. பெட்ரோல் நிலையத்தில் தராசு லிட்டர். என்-2 நெடுஞ்சாலையின் சுங்கச்சாவடியிலோ வண்டியின் வகையும் அச்சுகளின் எண்ணிக்கையும். அங்கே எங்கள் இரண்டு கார்களும் முதல் வகுப்பு, ஒரே கட்டணம். ஒரு வண்டி உரிம அலுவலகத்தில் கனமானதாகவும், சுங்கச்சாவடியில் சாதாரணமானதாகவும், பெட்ரோல் நிலையத்தில் இல்லாததாகவும் இருக்கிறது. ஆலையில் நான் ஒரே வண்டிக்கு மூன்று விதமாகச் சீட்டு எழுதியிருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

வெற்றெடை என்பது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் உங்கள் பட்டியல் முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. கரும்பு லாரி உள்ளே வரும்போது மொத்த எடையை எடுப்போம். கரும்பை இறக்கிவிட்டுத் திரும்பும்போது வெற்றெடையை எடுப்போம். கழித்தால் வருவது கரும்பு. அதாவது வெற்றெடை என்பது கழிப்பதற்காக எடுக்கும் எண். அதற்கு யாரும் காசு கொடுத்ததில்லை. உள்ளே வரும்போது இருக்கையில் உட்கார்ந்திருந்து, வெளியே போகும்போது மேடைக்கு முன்பே இறங்கிக்கொண்டு, தன் உடம்பையும் கரும்புக் கணக்கில் சேர்த்துவிடப் பார்த்த ஓட்டுநர்கள் உண்டு. அவர்களைத் திரும்ப ஏறி உட்காரச் சொல்வதே என் வேலையில் பாதி. மழைக்காலத்தில் சக்கரத்தில் ஒட்டிய சேறு வெற்றெடையைக் கூட்டிவிடும். அப்போது தோட்டக்காரர் வந்து சண்டை போடுவார், அது அவர் உரிமை. கரும்பின் நிகர எடை கிடைத்த பிறகும் அதை மட்டும் வைத்துப் பணம் கொடுத்துவிட மாட்டார்கள். சாற்றில் எடுக்கக்கூடிய சர்க்கரை எவ்வளவு என்று பரிசோதனைச் சாலையில் பார்த்து, சக்கையையும் பிற அழுக்கையும் கழித்து, அந்த மதிப்புக்குத்தான் விலை. எடை ஒரு தொடக்கம் மட்டுமே என்பதைச் சர்க்கரைத் தொழில் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது.

நீங்களோ வெற்றெடையோடு நின்றுவிடுகிறீர்கள். ஒரு டன் ஏற்றக்கூடிய பக்கி (பின்புறம் திறந்த சிறு சரக்கு வண்டி) ஒன்று நாள் முழுவதும் செங்கல் சுமந்து இரண்டரை டன்னாக ஓடினாலும், அது கட்டுவது ஒன்றரை டன் வெற்றெடைக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோயிலுக்குப் போய்வரும் காரும், நாள்தோறும் 200 கிலோமீட்டர் ஓடும் அதே வகைக் காரும் கட்டுவது ஒரே தொகை. மின்சாரக் கார் தன் மின்கலத்தைச் சுமப்பதற்காகக் கட்டுகிறது. ஆனால் எந்த வண்டியும் தான் ஏற்றிச் செல்லும் சுமைக்காகக் கட்டுவதில்லை.

இனிச் சாலை உடைவதைப் பற்றி. இதில் நான் என் மகளின் பக்கம் பேசப் போவதில்லை. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில், ஒட்டாவா என்ற ஊருக்கு அருகே, சாலைகளைப் போட்டு அவற்றின்மேல் லாரிகளை இடைவிடாமல் ஓட்டிப் பார்த்தார்கள். ஓர் அச்சு சாலைக்குச் செய்யும் சேதம், அந்த அச்சின்மேல் உள்ள எடையின் ஏறத்தாழ நான்காம் அடுக்குக்கு ஏற்ப ஏறுகிறது என்பது அதிலிருந்து கிடைத்த பாடம். எடை இரண்டு மடங்கானால் சேதம் பதினாறு மடங்கு. சாலையின் அமைப்பைப் பொறுத்து அந்த அடுக்கு கூடக் குறைய இருக்கும் என்பதையும் பொறியாளர்கள் அறிவார்கள். இதற்கென ஒரு கனரக வாகனச் சோதனை இயந்திரத்தையே உருவாக்கி உலகுக்குக் கொடுத்தது நம் நாட்டின் அறிவியல், தொழில்துறை ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.தான், கலிபோர்னியாக்காரர்கள்கூட அதை இங்கிருந்து வாங்கிப் போனார்கள். எனவே இது உங்களுக்குத் தெரியாத செய்தியாக இருக்க முடியாது.

அந்தக் கணக்கை எங்கள் முற்றத்துக்குக் கொண்டுவருகிறேன். என் காரில் ஓர் அச்சுக்கு 550 கிலோ, மகளின் காரில் 850 கிலோ. நான்காம் அடுக்கில் பார்த்தால் அவளுடைய கார் என்னுடையதைப்போல் ஐந்தரை மடங்குக்கு மேல் சேதம் செய்கிறது. இதை நான் மறைக்கவில்லை. ஆனால் தாளை மடித்து வைப்பதற்கு முன் அடுத்த வரியையும் எழுத வேண்டும். நம் சட்டப்படி இரட்டைச் சக்கரங்கள் பூட்டிய ஒரு லாரி அச்சு 9,000 கிலோ வரை சுமக்கலாம். முழு வண்டி 56,000 கிலோ வரை போகலாம். அந்த ஒரே ஓர் அச்சு, மகளின் காரிலுள்ள ஓர் அச்சைப்போல் பன்னிரண்டாயிரம் மடங்குக்கு மேல் சேதம் செய்கிறது. அப்படிப்பட்ட அச்சுகள் ஐந்தாறு பூட்டிய வண்டிகள், துறைமுகத்திலிருந்து ஜோஹன்னஸ்பர்க் போகும் என்-3 சாலையில் இரவும் பகலும் வரிசையாகப் போகின்றன. ஒரு கடுகுக்கும் ஐந்து கடுகுக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துச்சொல்லிக் கட்டணத்தைக் கூட்டுகிறீர்கள். பக்கத்தில் பூசணிக்காய் இருக்கிறது.

லாரி வரி கட்டவில்லையா என்று கேட்பீர்கள். கட்டுகிறது. 2025 ஜூனில் நிர்ணயித்தபடி டீசல் லிட்டருக்குப் பொது எரிபொருள் வரி 3.85 ராண்ட், சாலை விபத்து இழப்பீட்டு நிதிக்கான வரி 2.18 ராண்ட் என்று இருந்தது; அந்தக் கணக்கையே இங்கே எடுத்துக்கொள்கிறேன். 100 கிலோமீட்டருக்கு 45 லிட்டர் குடிக்கும் லாரி என்று வைத்துக்கொண்டால், அந்தத் தூரத்துக்கு ஏறத்தாழ 271 ராண்ட். பெட்ரோலுக்கு அப்போது முறையே 4.01 ராண்டும் 2.18 ராண்டும்; அதன்படி 100 கிலோமீட்டருக்கு 8 லிட்டர் குடிக்கும் என் கார் ஏறத்தாழ 50 ராண்ட் கட்டியது. ஐந்தரை மடங்கு வரி, பல்லாயிரம் மடங்கு சேதம். லாரிக்கு உரிமக் கட்டணமும் சுங்கமும் கூடுதல்தான்; அவற்றைச் சேர்த்தாலும் இந்தப் பள்ளம் நிரம்புவதில்லை. லாரிக்காரர்மேல் எனக்குப் பகையில்லை. 31 ஆண்டுகள் அவர்களோடு தேநீர் குடித்தவன் நான். எங்கள் வீட்டு அரிசியும் பருப்பும் அந்த வண்டிகளில்தான் வருகின்றன. ரயிலில் போக வேண்டிய சரக்கு சாலைக்கு வந்ததும் அவர்கள் குற்றம் அன்று. ஆனால் சாலையை உடைப்பவர் யார் என்று பேசத் தொடங்கினால், அந்தப் பேச்சை என் மகளின் காரோடு முடித்துவிட முடியாது. இடையில் ஒன்று: 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்துச் சாலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், லாரிக்கும் மேலே ஒரு பகைவன் தண்ணீர்தான், அடைத்துக்கொண்ட வடிகால்தான். அதற்கு எந்த வண்டியின் எடையும் காரணமில்லை.

இப்போது என் மகள் கட்டாததைப் பற்றிச் சொல்கிறேன். இதைச் சொல்லாவிட்டால் இந்த மடலுக்கு மதிப்பில்லை. ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டருக்கு நான் 960 லிட்டர் பெட்ரோல் போடுகிறேன். அந்த 2025 கணக்குப்படி அதில் அந்த இரண்டு வரிகள் மட்டும் 5,900 ராண்டுக்கு மேல். அவள் கட்டுவது சுழியம். நாளை அவளோ, அவளால் வேறொருவரோ விபத்தில் அடிபட்டால் இழப்பீடு தர வேண்டிய விபத்து நிதிக்கும் அவள் வண்டியிலிருந்து ஒரு காசு போவதில்லை. பொது எரிபொருள் வரியில் ஒரு பங்கு 2009 முதல் டர்பன் போன்ற பெருநகராட்சிகளுக்குப் போகிறது. அதிலும் அவள் பங்கு இல்லை. இது நியாயமில்லை என்று அவளே சொல்கிறாள். என்னைக் கேட்டால் இதில் பெரிய அநியாயம் நடப்பது எதிர்வீட்டுக்கு. டர்பனின் சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பகுதிகளிலும் எங்கள் ஊரிலும் இருபது ஆண்டுப் பழைய கார்களை ஒட்டுப்போட்டு ஓட்டுகிறவர்கள், புதிய வண்டி வாங்க வழியில்லாததாலேயே அதிகம் குடிக்கும் வண்டியை வைத்திருக்கிறார்கள். அதிகம் குடிப்பதாலேயே அதிகம் வரி கட்டுகிறார்கள். வசதியுள்ளவர்கள் ஒவ்வொருவராக மின்சாரத்துக்கு மாறும்போது, எஞ்சியிருப்பவர்களின் லிட்டர்மேல் வரியை ஏற்றிக்கொண்டே போனால், கடைசியில் சாலை முழுவதற்கும் பணம் கொடுப்பவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள்.

ஆனால் அவள் எதுவுமே கட்டுவதில்லை என்று நினைப்பதும் சரியில்லை. பெட்ரோலுக்கு மதிப்புக்கூட்டு வரி சுழியம். மின்சாரத்துக்கு 15 விழுக்காடு. 100 கிலோமீட்டருக்கு 16 யூனிட் என்று வைத்தால் அவள் வண்டிக்கு ஆண்டுக்கு 1,920 யூனிட் வேண்டும்; வரிக்கு முன் ஒரு யூனிட் 3 ராண்ட் என்று கொண்டாலும் அதில் 864 ராண்ட் அரசுக்குப் போகிறது. வண்டி வாங்கும்போதே, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வரும் பெட்ரோல் காருக்கு இறக்குமதித் தீர்வை 18 விழுக்காடாக இருக்க, மின்சாரக் காருக்கு 25 விழுக்காடு. விலை கூடினால் அதற்கேற்ப ஏறும் ஆடம்பரத் தீர்வையும், எல்லாவற்றின்மேலும் மதிப்புக்கூட்டு வரியும் சேர்கின்றன. 2023 டிசம்பரில் வெளியான மின்வாகன வெள்ளை அறிக்கை உற்பத்தியாளர்களைப் பற்றி விரிவாகப் பேசியது. அதன் தொடர்ச்சியாக, மின்வாகனத் தொழிற்சாலைகளில் செய்யும் முதலீட்டுக்கு 150 விழுக்காடு வரிக்கழிவு 2026 மார்ச் 1 முதல் என்று அறிவித்தீர்கள். வண்டியைச் செய்பவருக்குச் சலுகை, அதை வாங்கி ஓட்டுபவருக்கு எடைப்படி அபராதம் என்றால், இரண்டு துறைகளும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை என்றுதான் பொருள்.

எனவே நான் கேட்பது விலக்கு அன்று. தராசை மாற்றுங்கள் என்றுதான் கேட்கிறேன். எவ்வளவு தூரம் ஓடியது, ஓர் அச்சில் எவ்வளவு எடை தாங்கியது: இந்த இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் சாலைக்கான விலை. நியூசிலாந்து 1978 முதல் கனரக வண்டிகளிடமும் டீசல் வண்டிகளிடமும் தூரத்துக்கும் எடைக்கும் ஏற்பத்தான் வாங்குகிறது; 2024 ஏப்ரல் 1 அன்று சிறிய மின்சாரக் கார்களும் 1,000 கிலோமீட்டருக்கு அந்நாட்டு 76 டாலர் கட்டத் தொடங்கின. அங்கே அதற்குச் செயற்கைக்கோள் தேவைப்படவில்லை. கார்க்காரர் ஓடோமீட்டரைப் பார்த்து முன்கூட்டியே கிலோமீட்டர்களை வாங்கி, சீட்டைக் கண்ணாடியில் வைத்துக்கொள்வது அங்கே பழகிய முறை. கண்ணாடியில் சீட்டு ஒட்டுவது நமக்குப் பழகிய வேலைதானே.

ஒரே ஓர் எச்சரிக்கை. 2013 டிசம்பரில் கவுட்டெங் மாகாணத்தில் மின்னணுச் சாலைச் சுங்கத்தைத் தொடங்கியபோது மேலே கம்பிவளைவுகளைக் கட்டி, கேமரா வைத்து, பில் அனுப்பினார்கள். மக்கள் கட்ட மறுத்தார்கள். 2024 ஏப்ரலில் அந்தச் சுங்கத்தையே நிறுத்தினார்கள். கம்பிவளைவுகள் இன்னும் நிற்கின்றன. எங்களைக் கேட்காமல், எதற்கு இந்தப் பணம் என்று காட்டாமல் தொடங்கும் எந்தக் கட்டணத்துக்கும் அதே கதிதான் வரும். அதோடு, தனியார் கார்களுக்கு நம் நாட்டில் ஆண்டுதோறும் தகுதிச் சோதனை கிடையாது, கைமாறும்போதுதான் சோதனை. ஆகவே ஓடோமீட்டரை யார், எங்கே, என்ன செலவில் பார்ப்பது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டுப் பிறகு சட்டம் எழுதுங்கள்.

என் கோரிக்கைகளை இங்கே தெளிவாக வைக்கிறேன்.

மாகாண அதிகாரிகளிடம் கேட்பது: வெற்றெடைப் பட்டியல் நடப்பில் இருக்கும்வரை, மின்சாரக் கார் என்பதற்காக அதன்மேல் இன்னொரு எடைக் கட்டணத்தை ஏற்றாதீர்கள்; ஒரே எடைக்கு இருமுறை சீட்டு எழுதக்கூடாது. அடுத்த கட்டணப் பட்டியல் அரசிதழில் வருமுன், ஒவ்வொரு படிக்கும் அந்தத் தொகை எந்தக் கணக்கில் வந்தது என்பதைப் பொதுமக்கள் பார்க்க வெளியிடுங்கள். சென்ற ஆண்டு உரிமக் கட்டணமாக வந்ததில் எவ்வளவு சாலைப் பராமரிப்புக்கும் வடிகால்களுக்கும் போனது என்பதையும் அதோடு சேருங்கள். நெடுஞ்சாலை எடைமேடைகளைப் பகல் வேளையில் மட்டும் திறந்து வைக்காமல், அதிகச் சுமை ஏற்றிய லாரிகள் உண்மையில் போகும் இரவு நேரங்களிலும் ஆள் வைத்து நடத்துங்கள். எந்நேரத்தில் எந்த லாரி மேடையைத் தவிர்த்துப் பக்கச் சாலையில் திரும்பும் என்பதைச் சொல்ல ஓய்வுபெற்ற எழுத்தர்கள் பலர் இருக்கிறார்கள், கேட்டால் வருவோம்.

நிதி அதிகாரிகளிடம் கேட்பது: மின்சாரக் கார்களுக்குக் கிலோமீட்டர்க் கட்டணம் ஒன்றைக் கொண்டுவாருங்கள், அதில் முதற்பங்காக விபத்து நிதிக்கான தொகையை வையுங்கள், ஏனெனில் அடிபட்டவருக்கு எந்த எரிபொருளால் அடிபட்டோம் என்ற வேறுபாடு இல்லை. அந்தக் கட்டணம் தொடங்கும் நாளில் உரிமக் கட்டணத்திலிருந்து வெற்றெடைப் படிகளை எடுத்துவிட்டு, எல்லாச் சிறிய கார்களுக்கும் ஒரே பதிவுத் தொகை வையுங்கள். அச்சு எடையும் தூரமும் சேர்ந்த கட்டணத்தை முதலில் கனரக வண்டிகளிடம் தொடங்குங்கள், கார்களிடம் அன்று. மின்சாரத்துக்கு மாறியவர்களால் குறையும் வருவாயை, மாற வழியில்லாதவர்களின் பெட்ரோல்மேல் ஏற்ற மாட்டோம் என்பதை அடுத்த வரவுசெலவுத் திட்ட உரையில் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

இரு தரப்பினரும் இந்த மடலுக்கு எழுத்து மூலம் பதில் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். என் மகளின் டிஸ்க் அடுத்த செப்டம்பரில் காலாவதியாகிறது. அதற்கு முன் வந்தால் போதும்.

தொங்காட்டிலிருந்து,
ஓய்வுபெற்ற எடைமேடை எழுத்தர் ஒருவர்